காந்தள், தோன்றி, கோடல்: ஒரு பேரினத்தின் பெயரும் வகைப்பாடும்

ஆய்வுச்சுருக்கம்

சங்க இலக்கியத்தில் பயிலும் காந்தள், தோன்றி, கோடல் என்னும் மூன்று மலர்ப்பெயர்களையும் குளோரியோசா சுபெர்பா என்னும் ஒரே தாவரத்திற்கு உரியனவாகக் கொள்வது இன்று பெருவழக்காக உள்ளது. குறிஞ்சிப்பாட்டு இம்மூன்றையும் வெவ்வேறு மலர்களாக எண்ணுகிறது. இம்முரணைத் தாவரவியல் வகைப்பாட்டு வரலாற்றின் துணையோடும், இலக்கியங்களில் இப்பெயர்கள் பெறும் அடைமொழிகளின் துணையோடும், மலையாள வழக்கின் துணையோடும் இக்கட்டுரை ஆராய்கிறது. காந்தளும் தோன்றியும் ஒரு செடியின் இரு பெயர்கள் என்பதும், கோடலை அவற்றோடு சேர்ப்பதற்குரிய சான்று வலுவற்றது என்பதும் இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: காந்தள், தோன்றி, கோடல், குறிஞ்சிப்பாட்டு, முல்லைப்பாட்டு, மேந்தோன்னி, வகைப்பாடு.

முன்னுரை

புதுக்கோட்டையை அடுத்த திருக்கோகர்ணத்துக் குடைவரைக் கோயிலின் தலமரம் மகிழம். மகிழவனம் என்பது அத்தலத்தின் பழம்பெயர். குறிஞ்சிப்பாட்டு வகுளம் என்று எண்ணும் மலர் (அடி 70) இம்மகிழமே என்பதில் எவருக்கும் ஐயமில்லை. பெயர் வடசொல்லாயினும் தமிழ்ச்சொல்லாயினும், மரம் கோயிலில் நின்று தன் அடையாளத்தைக் காத்துக்கொண்டது. எல்லா மலர்களுக்கும் இப்பேறு வாய்க்கவில்லை. முருகனுக்குரிய கண்ணியாகத் திருமுருகாற்றுப்படை சிறப்பிக்கும் காந்தள் இன்று கோயில் வழிபாட்டில் பரவலாக இடம்பெறும் மலரன்று. புதுக்கோட்டை வட்டாரத்தில் மழைக்காலத்தில் முள்வேலிகளிலும் கோயிற்காடுகளின் ஓரங்களிலும் அது படர்ந்து பூக்கிறது. ஆயினும் ஊரார் அதனைக் காந்தள் என்று அழைப்பதில்லை. கண்வலிக்கிழங்கு என்பதே அவர்கள் வழக்கு. பூவைச் சுட்ட வேண்டுமாயின் கண்வலிப்பூ அல்லது கார்த்திகைப்பூ என்பர். பாடநூலிலும், தமிழ்நாட்டின் மாநில மலர் என்னும் அரசு அறிவிப்பிலும் மட்டுமே காந்தள் என்னும் பெயர் உயிரோடிருக்கிறது எனலாம்.

பெயருக்கும் செடிக்கும் இடையிலான தொடர்பு இவ்வாறு அற்றுப்போனபின், அதனை மீண்டும் இணைக்கும் பணி உரையாசிரியர்களுக்கும் அகராதியாளர்களுக்கும் பின்னர்த் தாவரவியல் அறிந்த தமிழறிஞர்களுக்கும் உரியதாயிற்று. பி. எல். சாமி, கு. சீநிவாசன் முதலியோர் சங்க இலக்கியத் தாவரங்களைத் தாவரவியற் பெயர்களோடு பொருத்திக் காட்டிய நூல்கள் இத்துறைக்கு அடித்தளம். அவர்களுக்குப் பின் வந்த கட்டுரைகள் பல, பொருத்துவதற்குரிய காரணத்தை ஆராயாது முடிவை மட்டும் எடுத்து வழங்கின. அதன் விளைவாகக் காந்தள், தோன்றி, கோடல் மூன்றும் ஒன்றே என்னும் சமன்பாடு ஐயத்திற்கு அப்பாற்பட்டதாகி நிற்கிறது. அச்சமன்பாடு எவ்வளவு தாங்கும் என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

செடியின் இயல்பு

குளோரியோசா சுபெர்பா ஒரு பல்லாண்டுச் செடி. ஆனால் அதன் பல்லாண்டு வாழ்வு மண்ணுக்குள்ளேயே நிகழ்கிறது. கோடையில் நிலத்திற்கு மேல் அதன் அடையாளம் ஏதும் இராது. மழை பெய்து மண் நனைந்தபின் கிழங்கின் நுனியிலிருந்து முளை கிளம்பி, சில வாரங்களில் அருகிலுள்ள புதரைப் பற்றி ஏறுகிறது. பற்றுவதற்கெனத் தனிக்கொடி அதற்கில்லை. காம்பற்ற நீண்ட இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிறது. பூத்துக் காய்த்து விதை சிதறியபின் தண்டும் இலையும் மடிந்துவிடும். அடுத்த மழைவரை கிழங்கு உறங்கும்.

கிழங்கின் வடிவம் குறிப்பிடத்தக்கது. இரு கிளைகள் கோணமாகச் சேர்ந்து, உழுபடையின் வளைவை ஒத்திருக்கும். கலப்பைக்கிழங்கு என்னும் தமிழ்ப்பெயரும், கலப்பை எனப் பொருள்படும் இலாங்கலம் என்னும் சொல்லின் வழிவந்த இலாங்கலி என்னும் வடமொழிப் பெயரும் இவ்வடிவத்தையே சுட்டுகின்றன.

பூவின் அமைப்பு இன்னும் வியப்புக்குரியது. புல்லி, அல்லி என்னும் வேறுபாடற்ற ஆறு இதழ்கள். அவை அரும்பில் கீழ்நோக்கித் தொங்கி, மலரும்போது மேல்நோக்கி மடங்கி நிமிர்கின்றன. விளிம்பு நெளிநெளியாக அலையும். ஆறு மகரந்தத்தாள்கள் சக்கரத்தின் ஆரக்கால் போல் வெளிநோக்கி நீள்கின்றன. சூல்தண்டு அடியிலேயே ஏறத்தாழச் செங்கோணமாக வளைந்து ஒருபுறமாக நீளும். நிறமோ நிலையானதன்று. அரும்பு பச்சை, விரியும்போது அடியில் மஞ்சளும் நுனியில் செம்மையும், முதிர முதிர மஞ்சள் ஒடுங்கிச் செம்மை முழுதும் பரவும். ஒரே கொடியில் ஒரே நாளில் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், குருதிச் செம்மை ஆகிய நிறங்களைக் காண இயலும். இந்நிறமாற்றம் பின்வரும் ஆய்வில் மீண்டும் மீண்டும் பயன்படும்.

பூக்கள் இலைக்கக்கத்தில் தனித்தே தோன்றுவன. ஆயின் கொடியின் நுனியில் இலைகள் சிறுத்து நெருங்குவதால் மலர்கள் ஒரு கொத்துப் போலக் காட்சியளிக்கும். குறுந்தொகையின் முதற்பாடல் காந்தளுக்குக் குலை என்னும் சொல்லை வழங்குவதைச் சுட்டி, தனிப்பூ பூக்கும் செடிக்கு அது பொருந்துமா என வினவுவோர்க்கு இந்நுனிநெருக்கமே விடையாகும்.

பேரினத்தின் பெயர் வரலாறு

1753இல் வெளிவந்த தாவர இனங்கள் பற்றிய தம் நூலில் லின்னேயசு இச்செடிக்குக் குளோரியோசா சுபெர்பா எனப் பெயரிட்டார். ஆறு மகரந்தத்தாளும் ஒரு சூல்தண்டும் உடைய செடிகளின் வகுப்பில் அதனை வைத்தார். அவருக்கு முன்னரே ஐரோப்பியர் இச்செடியை அறிந்திருந்தனர். கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட் தொகுப்பித்து, ஆம்சுடர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த மலபார்த் தாவரநூலின் ஏழாம் தொகுதியில் (1688) இதன் படமும் விளக்கமும் உள்ளன. அங்கு இதன் பெயர் மெந்தோனி. ஏறத்தாழ அதே காலத்தில் லெய்டன் தோட்டத்துத் தாவரங்களை விவரித்த பவுல் ஹெர்மன் இதனை மலபாரியரின் மெத்தோனிகா என்றார் (1687). லின்னேயசு இப்பழம்பெயர்களை ஒத்தபெயர்களாகக் குறித்துவிட்டுப் புதுப்பெயர் சூட்டினார். எனினும் அவருக்குப் பின்னரும் மெத்தோனிகா என்பதையே பேரினப் பெயராக வைத்திருந்த தாவரவியலார் உண்டு. இம்மெத்தோனிகாவுக்குள் ஒரு சங்கச் சொல் மறைந்திருக்கிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

பேரினத்தை வரையறுத்தபின் அதன் சிற்றினங்களை எண்ணுவதில் சிக்கல் எழுந்தது. இச்செடி இந்தியா, இலங்கை, தென்கிழக்காசியா, ஆப்பிரிக்கா என அகன்ற பரப்பில் வளர்வது. மஞ்சள் மிகுந்தது, பசுமை மிகுந்தது, விளிம்பில் மட்டும் மஞ்சள் கொண்டது, இதழ் நெளியாதது எனக் கிடைத்த ஒவ்வொரு வேறுபாட்டிற்கும் ஒரு சிற்றினப் பெயர் தரப்பட்டது. லின்னேயசே பின்னர்ச் சிம்பிளெக்சு என ஒன்றைச் சேர்த்தார். லிண்டிலி பசுநிறத்தைக் கொண்டு விரெசென்சு என்றார். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பகட்டான செம்மலர் ரோத்சைல்டியானா ஆயிற்று. 20ஆம் நூற்றாண்டில் எதிர்த்திசையில் காற்று வீசியது. நிறமும் இதழ்நெளிவும் வளரும் இடத்திற்கும் பூவின் முதிர்ச்சிக்கும் ஏற்ப மாறுவன. அவற்றைக் கொண்டு சிற்றினம் வகுத்தல் பொருந்தாது என்ற கருத்து வலுப்பெற்றது. முன்னர்த் தனிச்சிற்றினங்களாக இருந்தவற்றுள் பலவற்றை ஒருசாரார் சுபெர்பா என்னும் ஒரே சிற்றினத்தின் வேறுபாடுகளாகக் கொண்டனர். மற்றொருசாரார் சிலவற்றை இன்றும் தனித்தே வைத்துள்ளனர். 2007இல் மரபணுச் சான்றின் வழி, லிட்டோனியா என்னும் ஆப்பிரிக்கப் பேரினமும் குளோரியோசாவுக்குள் சேர்க்கப்பட்டது. அதன் பூவோ மணிபோல் தொங்கி, இதழ் மடங்காதிருப்பது. தோற்றத்தை மட்டும் நோக்குவோர் இரண்டையும் ஒரு பேரினத்தில் வைக்கத் தயங்குவர்.

குடும்பமும் மாறியது. பெந்தாம், ஊக்கர் ஆகியோரின் முறையைப் பின்பற்றிய இந்தியத் தாவரநூல்கள் இதனை அல்லிக் குடும்பமாகிய லிலியேசியில் வைத்தன. அக்குடும்பம் ஆறிதழும் ஆறு மகரந்தத்தாளும் உடைய பலவற்றைத் தொகுத்து வைத்த ஒரு பெருங்கூடை. இன்றைய வகைப்பாட்டில் குளோரியோசா கோல்ச்சிகேசிக் குடும்பத்திற்கு உரியது. கோல்ச்சிசின் வகை நச்சுக்காரப்பொருள்கள் இக்குடும்பத்தின் அடையாளம். கீல்வாத மருந்தாகவும், 1937 முதல் பயிர்ப்பெருக்கத்தில் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிக்கும் கருவியாகவும் பயன்பட்டுவரும் அப்பொருளுக்காகவே மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் முதலிய பகுதிகளில் இச்செடி பயிராகிறது. சூல்தண்டு வளைந்து விலகி நிற்பதால் அங்கெல்லாம் கையால் மகரந்தம் சேர்க்கிறார்கள். விற்பனைக்குரியது விதை.

நிறத்தைக் கொண்டு இனம் பிரிப்பதும் பின்னர்ச் சேர்ப்பதுமாகத் தாவரவியல் பட்ட இப்பாட்டை இத்துணை விரிவாகக் கூறியதற்குக் காரணமுண்டு. செங்காந்தள், வெண்காந்தள் எனத் தமிழ் மரபு செய்த பிரிவினையை மதிப்பிடுகையில், ‘தாவரவியல் ஒன்றே என்கிறது, ஆகவே இலக்கியப் பெயர்களும் ஒன்றே’ என வாதிடுதல் எளிது. தாவரவியலின் ஒன்றே என்னும் முடிவு எத்தகைய செடிகளை முன்வைத்து எடுக்கப்பட்டது என அறிந்தால் அவ்வாதத்தின் எல்லை விளங்கும். தமிழகத்திற்குத் தாவரநூல்கள் காட்டும் குளோரியோசாச் சிற்றினம் ஒன்றே. அதன் நிறவரிசை பச்சை, மஞ்சள், செம்மை என்பது. தூய வெண்மலர் பூக்கும் தனிச்சிற்றினம் எதையும் அவை காட்டவில்லை.

குறிஞ்சிப்பாட்டின் எண்ணுமுறை

தலைவியும் தோழியும் பறித்துப் பாறையில் குவித்த மலர்களைக் கபிலர் நிரல்படுத்துகையில் செங்காந்தள் முதலாவதாக நிற்கிறது (அடி 62). கோடல் 83ஆம் அடியிலும், தோன்றி 90ஆம் அடியிலும் வருகின்றன. மூன்றும் ஒன்றாயின் ஒரு புலவர் ஒரே பட்டியலில் ஒரு மலரை மும்முறை எண்ணினாரா என்னும் வினா இயல்பாக எழும்.

இவ்வினாவிற்கு விடை காண, அப்பட்டியல் எதனை அலகாகக் கொண்டு எண்ணுகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். 68ஆம் அடியில் செருவிளையும் கருவிளையும் அடுத்தடுத்து வருகின்றன. முன்னது வெண்காக்கணம், பின்னது நீலக் காக்கணம். தாவரவியல் இவ்விரண்டையும் கிளைடோரியா தெர்னாத்தியா என்னும் ஒரே சிற்றினமாகக் கொள்ளும். கபிலருக்கோ அவை இரண்டு மலர்கள். நெய்தல் என்னும் பெயரோ வெவ்வேறு அடைகளோடு இருமுறை வருகிறது (அடிகள் 79, 84). தாழையும் (80) கைதையும் (83) தனித்தனியே எண்ணப்பட்டுள்ளன. இரண்டும் ஒன்றாகிவிடும் என்பதனாற் போலும், நச்சினார்க்கினியர் முன்னதைத் தெங்கின் பாளையாகவும் பின்னதைத் தாழம்பூவாகவும் கொள்கிறார்.

ஆகவே பட்டியலின் அலகு செடியன்று. கையில் உள்ள பூ. பறித்தவள் நிறத்தாலும் மணத்தாலும் பறித்த இடத்தாலும் பூவை அறிகிறாள். அதன் கிழங்கையோ விதையையோ அவள் நோக்க வேண்டியதில்லை. இதனால் பெறப்படுவது யாது? குறிஞ்சிப்பாட்டில் தனித்தனியே எண்ணப்பட்டமை ஒன்றே, இரு பெயர்கள் இரு இனங்களைச் சுட்டும் என்பதற்குச் சான்றாகாது. அவை ஒரே இனம் என்பதற்கும் சான்றாகாது. பட்டியல் இவ்வழக்கில் நடுநிலையே வகிக்கிறது. சான்றை வேறிடத்தில் தேட வேண்டும்.

அடைமொழி தரும் சான்று

புலவர்கள் ஒரு மலருக்குத் தரும் அடைமொழிகள் அம்மலரின் புலப்படும் பண்புகளைச் சேமித்து வைப்பன. காந்தளுக்கும் தோன்றிக்கும் உரிய அடைகளை ஒப்பிடுகையில் இரண்டு இடங்கள் ஒன்றோடொன்று துல்லியமாகப் பொருந்துகின்றன.

முதலாவது சுடர். திருமுருகாற்றுப்படை (அடி 43) முருகன் சூடும் காந்தளைச் சுடர் போன்ற பூவுடையது என்கிறது. குறிஞ்சிப்பாட்டு அதே அடையைத் தோன்றிக்குத் தருகிறது (அடி 90). சுடர் என்னும் உவமை செம்மையை மட்டும் குறிப்பதன்று. அடி மஞ்சளாகவும் நுனி சிவப்பாகவும், நெளிந்து மேல்நோக்கி எழும் வடிவில் அமைந்தது விளக்கின் சுடர். செந்நிறப் பூக்கள் காட்டில் பல. மேல்நோக்கி மடங்கி எரிவது போல் நிற்கும் இதழ் குளோரியோசாவுக்கே உரிய தோற்றம்.

இரண்டாவது குருதி. குறுந்தொகையின் முதற்பாடல் முருகனின் குன்றத்துக் காந்தளைக் குருதி நிறத்தோடு இணைக்கிறது. முல்லைப்பாட்டு (அடி 96) கார்காலக் காட்டில் தோன்றி குருதியென மலர்ந்ததைக் காட்டுகிறது. குறிஞ்சியில் காந்தள் பெறும் உவமையை முல்லையில் தோன்றி பெறுகிறது.

இவ்விரு ஒப்புமைகளும் சேர்ந்து, காந்தள் குறிஞ்சிச் சூழலிலும் தோன்றி முல்லைச் சூழலிலும் முதன்மையாக வழங்கிய ஒரே செடியின் பெயர்கள் எனக் கருத இடந்தருகின்றன. மலைச்சாரலிலும் தாழ்ந்த புதர்க்காட்டிலும் ஒருங்கே வளரும் செடிக்கு இருநிலத்து மக்களும் வெவ்வேறு பெயரிட்டமை இயல்பே. குறிஞ்சித்திணைப் பாடல்களில் காந்தள் மிகுந்து பயில்வதும், தோன்றி கார்காலத்து முல்லையோடு சேர்ந்து வருவதும் இதனோடு இயையும்.

மணம் பற்றிய ஒரு தடையை இங்கு நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். குளோரியோசா மலருக்கு உணரத்தக்க மணம் இல்லை. குறுந்தொகை 259 தலைவியின் நெற்றியை நறுங்காந்தளின் மணத்தோடு ஒப்பிடுகிறது. குறுந்தொகை 239 காந்தளின் நறுந்தாதைத் தும்பி ஊதுவதாகக் கூற, திருமுருகாற்றுப்படையோ சுரும்பு மொய்க்காத காந்தள் என்கிறது. தெய்வத்திற்குரிய மலராதலின் வண்டு அணுகவில்லை என்பது மரபான விளக்கம். நறு என்னும் அடை மலர்ப்பெயர்களுக்கு முன் வாய்பாடாக நிற்கும் இயல்புடையது என்பதை நினைவிற் கொண்டால், மணத்தை இனங்காணும் சான்றாக வைப்பது எத்திசையிலும் பயன்தராது என்பது புலனாகும். வடிவமும் நிறமும் காலமும் தரும் சான்றுக்கு முன் அது பின்னிற்கத் தக்கதே.

செடியை அறிந்தே பாடினர் என்பதற்குக் குறுந்தொகை 361 போதுமானது. தலைவனின் மலையில் மாலையில் பெய்த மழையால் வந்த வெள்ளம் காலையில் காந்தளை முழுமுதலோடு அடித்துவருகிறது. தலைவி அதன் மென்மையான இலை குழையுமாறு தழுவி, வீட்டிற்குக் கொண்டுசென்று நடுகிறாள். அன்னை அதனைத் தடுக்கவில்லை. மேல்மண்ணில் படுத்திருக்கும் கிழங்கு வெள்ளத்தில் பெயர்வதும், பெயர்ந்த கிழங்கை நட்டால் தழைப்பதும் இச்செடியின் உண்மையான வாழ்வியல். இன்றும் உழவர் இதனைக் கிழங்கு நட்டே பயிரிடுகின்றனர்.

தோன்றியும் மேந்தோன்னியும்

தோன்றி என்னும் பெயர் தமிழ்ப் பேச்சுவழக்கில் மறைந்தது. மலையாளத்தில் இச்செடியின் பெயர் மேந்தோன்னி. மேத்தோன்னி என்பதும் உண்டு. தமிழின் ன்ற என்னும் மெய்ம்மயக்கம் மலையாளத்தில் ன்ன ஆவது முறையான ஒலிமாற்றம்: ஒன்று, கன்று, தோன்றுக என்பன அங்கு ஒன்னு, கன்னு, தோன்னுக என வழங்குகின்றன. இவ்விதிப்படி தோன்றி என்பது தோன்னி ஆதல் வேண்டும். மே என்னும் முன்னொட்டை நீக்கினால் நிற்பது அதுவே. சங்க இலக்கியத்துத் தோன்றி எச்செடி என்னும் வினாவிற்கு, உரைகளையும் நிகண்டுகளையும் சாராத ஒரு விடை இவ்வாறு மேற்குத் தொடர்ச்சி மலையின் அப்பாலிருந்து கிடைக்கிறது. ஏட்டில் கற்றுப் பெற்ற பெயராக இது தோன்றவில்லை. ஒலிமாற்றத்தை முழுமையாக ஏற்றுள்ள நாட்டுவழக்காகவே உள்ளது.

இங்குதான் மெந்தோனி நினைவுக்கு வருகிறது. ந்த என்பதில் தகரம் மெலிந்து ஒலிப்பதைக் கேட்டவாறே இலத்தீன் எழுத்தில் எழுதியதன் விளைவு அவ்வடிவம். வான் ரீடுக்குச் செடிகளை அறிவித்தோருள் இட்டி அச்சுதன் முதன்மையானவர். அவர்போன்ற நாட்டு மருத்துவர் வாயிலிருந்து வந்த சொல் ஆம்சுடர்டாமில் அச்சேறியது. ஹெர்மனின் மெத்தோனிகாவும் அச்சொல்லின் இலத்தீன் உருவே. லின்னேயசு வேறு பெயரைத் தேராதிருந்தால், முல்லைப்பாட்டில் கார்காலத்தை அறிவித்த தோன்றி இன்று உலகத் தாவரவியலில் ஒரு பேரினத்தின் பெயராக நின்றிருக்கும்.

பெயரின் பொருளும் செடிக்கு இசைவானதே. தோன்றுவது தோன்றி. கோடை முழுதும் சுவடின்றிக் கிடந்து, மழைக்குப்பின் திடுமெனத் தரைக்கு மேல் வரும் செடிக்கு இதனினும் பொருத்தமான காரணப்பெயர் அரிது. கார்த்திகைப்பூ என்னும் பிற்காலப் பெயரும் செடியைப் பருவத்தால் அறியும் அதே நோக்கின் தொடர்ச்சியே. ஈழத்திலும் இப்பெயரே வழக்கு.

கோடல்

கோடலின் நிலை வேறு. முல்லைப்பாட்டு 95, 96ஆம் அடிகள் கோடலையும் தோன்றியையும் அடுத்தடுத்து நிறுத்துகின்றன. கோடலின் குவிந்த முகை உள்ளங்கையைப் போல விரிகிறது. தோன்றி குருதியெனப் பூக்கிறது. காயா, கொன்றை, கோடல், தோன்றி என்னும் இந்நிரலில் ஒவ்வொரு மலரும் வெவ்வேறு நிறத்திற்கோ வடிவத்திற்கோ நிற்கிறது. காயா மை, கொன்றை பொன், தோன்றி குருதி. இடையே வந்த கோடலைத் தோன்றியின் இளநிலை எனக் கொண்டால் நிரலின் அழகு கெடும். குறிஞ்சிப்பாட்டுப் பட்டியலைப் போலன்றி, இங்கு ஒரே காட்டில், ஒரே வேளையில், வேறுபாட்டைக் காட்டும் நோக்கத்துடனேயே இரண்டும் எதிரெதிரே வைக்கப்பட்டுள்ளன. நற்றிணை 99 பிடவத்தோடும் கொன்றையோடும் கோடலைச் சேர்த்து, காலமல்லாக் காலத்து மழையைக் காரென மயங்கிப் பூத்த மலராகக் காட்டுகிறது. குறுந்தொகை 62 முல்லையோடும் குவளையோடும் கோடலை இடைமிடைந்து தொடுத்த மாலையைப் பேசுகிறது. சுடரோ குருதியோ இவ்விடங்களில் எங்கும் இல்லை.

கோடல், காந்தள் இரண்டையும் இணைத்தவர்கள் உரையாசிரியர்கள். குறிஞ்சிப்பாட்டுரையில் நச்சினார்க்கினியர் செங்காந்தளைச் சிவந்த கோடற்பூ என்றும், கோடலை வெண்கோடற்பூ என்றும் விளக்குகிறார். தோன்றியைத் தோன்றிப்பூ என்று அளவில் விடுகிறார். இவ்வுரைப்பகுதி வகைப்பாட்டு நோக்கில் மிகச் சுவையானது. கோடல் என்பதைப் பொதுப்பெயராக வைத்து, நிறத்தைச் சிறப்படையாகச் சேர்த்து அவர் இருவகை காண்கிறார். பேரினப் பெயரும் சிற்றின அடையுமாக லின்னேயசு வகுத்த ஈரடிப் பெயரமைப்பை இது ஒத்திருக்கிறது. ஆனால் நிறத்தை இனத்தின் அளவுகோலாகக் கொண்டமையில், லின்னேயசுக்குப் பின் வந்தோர் சந்தித்த அதே இடர்ப்பாடும் இதற்குண்டு. 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவராகக் கருதப்படும் ஓர் உரையாசிரியரின் வகைப்பாட்டைச் சங்கப் புலவர்களின் வகைப்பாடாகக் கொள்ளுதல் கூடாது. அவ்வாறு கொண்டதனாலேயே கோடல் வெண்காந்தளாகி, வெண்காந்தள் குளோரியோசாவாகி, இல்லாத வெண்குளோரியோசா ஒன்றைத் தேடும் நிலை நேர்ந்தது.

கோடுதல் என்பது வளைதல். குளோரியோசாவின் இதழும் சூல்தண்டும் வளைந்தவை. ஆதலின் கோடல் அதன் பெயரே என ஒருவர் வாதிடக் கூடும். வளைந்த பகுதி ஏதுமில்லாத பூவைக் காண்பது அரிது என்பதே இதற்கு மறுமொழி. மழைக்குப்பின் நிலத்திலிருந்து எழுந்து வெண்மலர் விரியும் கிழங்குச் செடிகள் தமிழகப் புதர்க்காடுகளில் வேறும் உள்ளன. கோடலை இனங்காணும் முயற்சி அவற்றின் பக்கம் திரும்புவது தக்கது.

மரபியல் வகைப்பாடும் காந்தளும்

தொல்காப்பிய மரபியல் புறத்தே வயிரம் உடையனவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையனவற்றை மரம் என்றும் பகுக்கிறது. இது ஒருவித்திலை, இருவித்திலைப் பாகுபாட்டை முன்னறிந்தது எனப் பலர் எழுதியுள்ளனர். பனை, தெங்கு, மூங்கில் ஆகியவற்றை நோக்க அது உண்மை போலத் தோன்றும். காந்தளை வைத்துச் சோதித்தால் அக்கூற்று தடுமாறுகிறது. காந்தள் ஒருவித்திலைத் தாவரம். ஆயின் அதற்கு அகத்தும் வயிரமில்லை, புறத்தும் இல்லை. மரபியல் புல்லுக்குரிய உறுப்புப்பெயர்களாக இதழ், குலை முதலியவற்றையும், மரத்திற்குரியனவாக இலை, தளிர் முதலியவற்றையும் கூறும். குறிஞ்சிப்பாட்டு காந்தளுக்கு இதழ் என்றும், குறுந்தொகை முதற்பாடல் குலை என்றும், குறுந்தொகை 361 இலை என்றும் வழங்குகின்றன. ஒரே செடி இரு வகுப்பின் சொற்களையும் பெறுகிறது. மரபியலின் பாகுபாடு, வலிய தண்டுடைய நெடுந்தாவரங்களைக் கண்டு செய்யப்பட்ட சிறந்த பாகுபாடு. அதற்கு உரிய பெருமை அதுவே. பிற்கால அறிவியலின் சான்றிதழ் அதற்குத் தேவையில்லை.

பெயர்க்குழப்பமும் நச்சுக்கிழங்கும்

இச்செடியின் பெயர்களைப் பிரித்தறிவது இலக்கிய ஆய்வுக்கு மட்டும் உரிய தேவையன்று. கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு. வள்ளிக்கிழங்கு முதலிய உண்ணும் கிழங்குகளோடு மயங்கி உண்டவர்கள் இறந்த நிகழ்வுகள் தமிழகத்திலும் இலங்கையிலும் மருத்துவப் பதிவுகளில் உள்ளன. கண்வலி என்னும் வட்டாரப் பெயர், பூவை உற்றுநோக்கினால் கண் நோகும் என்ற நம்பிக்கையின் வழியே குழந்தைகளை அச்செடியிலிருந்து விலக்கி வைக்கிறது. காந்தள் என்னும் பெயரோ அழகை மட்டுமே உணர்த்துவது. மாநில மலர் எனப் பள்ளித் தோட்டத்தில் அதனை நடுவோர் கண்வலிக்கிழங்கு என்னும் பெயரையும் அருகே எழுதிவைத்தல் நன்று.

சித்த மருத்துவ வழக்கில் இதே செடிக்கு வெண்தோன்றி, இலாங்கலி, கார்த்திகைக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, அக்கினிசலம் முதலிய பெயர்கள் உண்டு. இவற்றுள் வெண்தோன்றி கவனத்திற்குரியது. செம்மலர் பூக்கும் செடியின் கிழங்கே இன்று அப்பெயரால் வழங்குகிறது. ஆகவே வெண் என்னும் அடையைப் பூவின் நிறத்தோடு இணைத்து, வெண்தோன்றி, வெண்காந்தள், கோடல் மூன்றையும் ஒரே பதிவின் கீழ் அடுக்கும் அகராதி, ஒரு மருந்துச்சரக்கையும் ஒரு மாலைப்பூவையும் ஒன்றாக்கிவிடுகிறது. காந்தள், தோன்றி என்னும் பதிவுகளில் மேந்தோன்னி என்னும் மலையாள வடிவத்தைச் சேர்ப்பதும், கோடலுக்கு முல்லைப்பாட்டு, நற்றிணை, குறுந்தொகை இடங்களை மட்டும் முதற்பொருளில் தந்து, உரைவழிப் பொருளாகிய வெண்காந்தளைக் காலக்குறிப்போடு இரண்டாவதாக வைப்பதும் இப்பதிவுகளைத் திருத்துவோர் செய்யத்தக்கவை.